ரேடியோவுக்குத் தைத்த கையுறை

சில துணிகளுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும் வழக்கமே கிடையாது. இழுத்தால் கூடவே வரும், விட்டால் துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். இஸ்திரி போட்டு மடிப்பு வைத்தால், நம் கண்ணெதிரிலேயே மடிப்பை அவிழ்த்துக்கொண்டு நிமிரும். வெட்டிய ஓரம் சுருளும். குண்டூசி குத்தினால் ஓட்டை விழும். குத்தாமல் விட்டால் மேல்துணி ஒரு பக்கம் போகும், கீழ்த்துணி ஒரு பக்கம் போகும். நான் தாவணி போட்ட வயதிலிருந்து மெஷின் மிதிக்கிறவள். என்னை ஒரு முழத் துணி உட்கார வைத்து அழவைத்தது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அந்தத் துணி என் தம்பியின் கைக்காக வந்தது.

தம்பிக்கு முடி வெட்டும் கடை. எங்கள் தையல் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. அவன் கத்தரி நின்றாலும் நிற்கும், வாய் நிற்காது. யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டு மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது, எந்த டாக்டர் கைராசிக்காரர், எல்லாம் அவனிடம் கிடைக்கும். என் வீட்டுக்காரர் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. தெருமுனையில் அவன் தலை தெரிந்தாலே, "ரேடியோ வருது, காதப் பொத்திக்க" என்பார். ஒரு நாளைக்கு அவர் பேசுவதே அவ்வளவுதான். மனிதர் சரியான கல்லுளிமங்கன். தம்பியும் சளைத்தவன் இல்லை. "அக்கா, மாமா இன்னிக்கு வாயத் தொறந்தாராமே? பல்லெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவான். இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அவனுக்கு வாய் மட்டுமல்ல, கையும் சும்மா இருக்காது. அன்றைக்கு யாரோ ஒருவர் கார் முன்னால் புகை வருகிறது என்று சாலையோரம் நிறுத்தியிருக்கிறார். இவன் ஒருவருக்குப் பாதி முகத்தில் சோப்பு நுரையைப் பூசி உட்கார வைத்துவிட்டு, "இதோ வந்துட்டேண்ணே" என்று ஓடிப்போய், சூடு ஆறாத ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறான். கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு வலது கையை மணிக்கட்டு வரை வேகவைத்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கை முழுக்கக் கட்டோடு கிடந்துகொண்டு, "மூஞ்சி தப்பிச்சிருச்சுக்கா. அழகு போகல" என்றான். ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறையவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

புண் ஆறிய பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. ஆறிய தோல் சிவந்து, தடித்து, கயிறு கயிறாக எழுந்தது. எழுந்ததோடு நிற்காமல் சுருங்கவும் செய்தது. கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கைப் பக்கம் சாய்ந்தது. முடி வெட்டுகிறவனுக்குக் கட்டைவிரல் விரியாவிட்டால் கத்தரி திறக்காது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒருவர் இருந்தார். எங்களைவிட வயதில் சின்னவர், ஆனால் பேச்சில் கறார். அவர்தான் சொன்னார், "தழும்ப அது இஷ்டத்துக்கு வளர விடக் கூடாது. ராத்திரி பகலா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அதுக்குன்னு இறுக்கமான கிளவுஸ் இருக்கு. குளிக்கவும் எண்ணெய் தடவி நீவி விடவும்தான் கழட்டலாம். ஒரு வருஷம் ஆகலாம். விட்டுட்டா விரல் ஒட்டிக்கும், அப்புறம் அறுத்துத் தோல் வைக்கணும்."

அந்தக் கையுறை வெளியிலிருந்து தைத்து வர ரொம்ப நாளாகும் என்றார். பிறகு நானும் என் வீட்டுக்காரரும் தையல்காரர்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. "அப்ப நீங்களே தைங்க. துணி நான் தர்றேன், அளவும் எடுத்துத் தர்றேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. கை அளவுக்கு வெட்டக் கூடாது. ஒவ்வொரு விரலுக்கும் சுத்தளவுல பத்துல ஒரு பங்கு, அதுக்கும் மேல கொஞ்சம் குறைச்சு வெட்டணும். துணி சின்னதா இருந்தாத்தான் கைய அமுக்கும். அதிகமா இழுபடுற பக்கம் கையச் சுத்தி வரணும். தையல் வெளிப்பக்கம் இருக்கணும், தழும்புல உரசக் கூடாது."

என் வீட்டுக்காரர் ஒரு முறை தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

எங்கள் கடையில் கத்தரி அவர் கையில், மெஷின் என் கையில். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட பங்கீடு இது. நான் வெட்டுவதைப் பார்த்தால் அவர் கத்தரியைப் பிடுங்கிக்கொள்வார். அவர் தைப்பதைப் பார்த்தால் எனக்கு நாக்கு அரிக்கும். அதனால் அவர் வெட்டி மேசையின் இந்தப் பக்கம் தள்ளுவார், நான் தைத்து அந்தப் பக்கம் தள்ளுவேன். பேண்ட் வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் கோடு போட்டால் போட்டதுதான். அப்பேர்ப்பட்டவர் மேடம் கொடுத்த அந்த ரப்பர் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டதும் துணி கோட்டோடு சேர்ந்து நகர்ந்தது. திரும்பப் போட்டார். திரும்ப நகர்ந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

எனக்கும் சேர்த்துத்தான் அது ஆப்பு வைத்தது. சாதா ஊசி போட்டால் நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டுவிட்டுப் போனது. நேர்த்தையல் போட்டு இழுத்துப் பார்த்தால் நூல் படபடவென்று அறுந்தது. துணி ஓடினதும் என் கை தானாகப் பின்னாலிருந்து இழுத்தது, இழுத்த இடமெல்லாம் ஓரம் அலை அலையாக நெளிந்தது. பழைய வழக்கம் எதுவும் உதவவில்லை. முனை மழுங்கிய ஊசி வாங்கினோம், அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் போட்டேன், துணி நீளும்போது அதுவும் கூடவே நீளும். மெஷினில் துணியை அமுக்கும் காலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுத்தேன். அவர் துணிச் சுருளைப் பிரித்து மேசையில் பரத்தி, தொடாமல் விட்டுவைக்கக் கற்றார். சுருளில் இழுபட்டுக் கிடந்த துணி அலுப்பு தீர்ந்து தன் அளவுக்கு வந்த பிறகுதான் வெட்டுவார். குண்டூசிக்குப் பதில் பட்டன் டப்பாக்களைப் பாரமாக வைத்தார். ஒற்றைத் துணியாகத்தான் வெட்டினார். ஒரு வழியாகக் கையுறை என்று சொல்லத்தக்க ஒன்று உருவானது.

அதை ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்த அன்று மேடம் என்னிடம் ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்துக் கீழே அனுப்பினார். நான் களிம்பு வாங்கிக்கொண்டு திரும்பியபோது கையுறை தம்பி கையில் ஏறியிருந்தது. நுனி மட்டும் தெரிந்த விரல்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. மேடத்துக்குத் திருப்தி. "விரல் இடுக்குல மட்டும் கொஞ்சம் உரசுது, அதச் சரி பண்ணிட்டு, மாத்தி மாத்திப் போட ரெண்டு தைச்சுடுங்க" என்றார். தம்பிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. "என்னடா?" என்றேன். "ஃபேன் ஓடலக்கா" என்றான். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார்.

அடுத்த இரண்டு கையுறைகளும் இன்னும் நேர்த்தியாக அமைந்தன. இடுக்கில் சின்னதாக ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருந்தேன், உரசலே இல்லை. போட்ட உடனே தம்பி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வலியே இல்லக்கா! பஞ்சுல கைய வச்ச மாதிரி இருக்கு. மாமாவுக்குக் கைராசி. வாய்தான் ராசியில்ல" என்றான். எங்கள் எல்லோருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கையுறையோடு கடைக்குப் போய், வேலைக்கு வைத்திருக்கும் ஆளின் தலைக்கு மேல் நின்று, இப்படி வெட்டு அப்படி வெட்டு என்று அவனைப் பாடாய்ப் படுத்தினான். தன் கத்தரியை மட்டும் ஒரு துண்டில் சுற்றிக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தான். யாரையும் தொட விடவில்லை.

அடுத்த முறை பார்த்தபோது மேடத்தின் புருவம் ஏறியது. கையுறையின் முதுகுப்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். துணி தோலை விட்டு எழுந்து வந்தது. கழற்றிவிட்டுத் தழும்பைத் தடவினார். கட்டைவிரலை விரிக்கச் சொல்லி அளந்தார்.

"முதல்ல தைச்சது சரியா இருந்ததே. இது தொளதொளன்னு இருக்கு. தழும்பு தடிச்சிருக்கு பாருங்க, விரல் போன தடவை விரிஞ்ச அளவுகூட விரியல." என்னைப் பார்த்தார். "தைக்கும்போது துணிய இழுக்கிறீங்களா? இழுத்துத் தைச்சா அது பெருசாயிடும்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. இழுக்கவில்லை என்று சத்தியம் செய்யும் தைரியம் இல்லை. என் கையை எனக்குத் தெரியும், அது இழுத்துப் பழகிய கை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் இடித்த புளி போல உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா சர்ஜன்கிட்டத்தான் அனுப்பணும்" என்றார் மேடம். தம்பி ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "கைய அறுப்பாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு கையுறையையும் பிரித்துப் போட்டேன். அவர் புதிதாக வெட்டிக் கொடுத்தார். துணியை நான் தொடாமல், மெஷினின் பல்லே தள்ளிக்கொண்டு போகும்படி விரலால் வழி மட்டும் காட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். முடித்துத் தம்பிக்குப் போட்டுப் பார்த்தால் அதே தொளதொளப்பு. மறுபடி பிரித்தேன். நூலை மாற்றினேன், தையலின் அகலத்தை மாற்றினேன், காகிதத்தை மேலேயும் கீழேயும் வைத்துப் பார்த்தேன். சமையலில் உப்பு மறந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "என் கைதாங்க சரியில்ல, என் தம்பி கைய நான்தான் கெடுக்கிறேன்" என்று அவரிடம் புலம்பினேன். அவர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அப்புறம் ஒரு நாள் அவர் ஜிப்பும் பட்டனும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த கையுறைக்கு அவர் வந்து வெட்டித் தரும்வரை காத்திருக்க முடியவில்லை. கத்தரியை எடுத்தேன். அவர் இருந்திருந்தால் பிடுங்கியிருப்பார். துணியைப் பரத்தி ஆறவிட்டேன், பட்டன் டப்பாக்களை ஏற்றினேன், மேடம் எடுத்துத் தந்த அளவை ஒவ்வொரு விரலுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மனக்கணக்காகக் குறைத்து, ஒரு தாளில் கை வரைந்து, அதைத் துணிமேல் வைத்து வெட்டினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. உட்கார்ந்து தைத்தேன். தைத்து முடித்துப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தைத்த மாதிரி அத்தனை சின்னது.

எங்கேயோ கணக்கைக் கோட்டைவிட்டேன் என்று நினைத்து, அவர் வெட்டி நான் தைத்திருந்ததை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிலும் அவருடையது அகலம். சுண்டுவிரலில் கூட. டேப்பை எடுத்து அளந்தேன். என்னுடையதுதான் மேடம் சொன்ன அளவு. அவருடையது தம்பியின் வெறுங்கை அளவு. அவர் குறைக்கவே இல்லை. ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை.

அளவில் தப்பு செய்கிற ஆள் இல்லை அவர். இடுப்பில் கால் இஞ்ச் பிசகினால் பேண்டையே பிரித்துப் போடுகிறவர். அப்படியென்றால் தெரிந்துதான் செய்திருக்கிறார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. ரேடியோ, வாயாடி, கடை கெடுக்க வந்தவன் என்று அவர் தம்பியைச் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பட்டன் பொட்டலத்தோடு அவர் படியேறியதும், இரண்டு கையுறையையும் அவர் முன்னால் வீசினேன்.

"இது என்ன?"

பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"கேக்கிறேன்ல? என் தம்பி மேல இருக்கிற காட்டத்த அவன் கைமேலயா தீத்துக்கிறது? அவன் பேசுறது பிடிக்கலன்னா கடைப்பக்கம் வராதேன்னு சொல்லியிருக்கலாமே! கை முடங்கி மூலையில உக்காரணுமா அவன்? நான் கிறுக்கு மாதிரி பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேனே, என் கைதான் சரியில்லன்னு அழுதேனே, அப்பவாவது சொன்னீங்களா?"

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். நான் வீசிய கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நீ அன்னிக்கு மருந்து வாங்கக் கீழ போனேல்ல, அப்பத்தான் மொத கிளவுஸப் போட்டாங்க. அந்தம்மா ஒவ்வொரு விரலா ஏத்துச்சு. தழும்பு மேல துணி ஏறும்போது அவன் உடம்பே தூக்கிப் போடுது. நான் தோளப் பிடிச்சுக்கிட்டேன். கத்துவான்னு பாத்தேன். ஊரையே கூட்டுறவன்தானே. கத்தல. வாயே தொறக்கல. உதட்டக் கடிச்சுக்கிட்டு மேல ஃபேனப் பாத்துக்கிட்டிருக்கான், கண்ணுலேருந்து தண்ணி காதுக்குள்ள ஓடுது. நான் மாப்ளே மாப்ளேன்னு கூப்பிடுறேன், பதில் இல்ல. அவன் பேசாம நான் பாத்ததே இல்ல." மேசையிலிருந்த கத்தரியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "ரெண்டாவது வெட்டும்போது குறைக்கத்தான் கோடு போட்டேன். கை வரல. இந்த ஒரு தடவ கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்னு வெட்டிட்டேன். அவன் போட்டுக்கிட்டு வலியே இல்லன்னு சிரிச்சான். அப்புறம் எப்படிக் குறைக்கிறது?"

"மேடம் திட்டினப்ப?"

"சொன்னா நீ சின்னதா வெட்டச் சொல்லுவே."

என்ன மனிதர் இவர்! எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. எவன் வந்தால் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்வாரோ, அவன் பேசாமல் இருந்ததைத் தாங்க முடியாமல் பேண்டுக்குப் பேர்போன தன் கைக்கே துரோகம் செய்திருக்கிறார். என் தம்பிமேல் என்னைவிட இவருக்குப் பிரியம் அதிகமோ என்று ஒரு நொடி பொறாமையாகக்கூட இருந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இப்ப வலிக்குதுன்னு பாத்தா நாளைக்குக் கத்தி வைப்பாங்க. அது வலிக்காதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா எடுங்க கத்தரிய. என் கோணலத் தூக்கிப் போட்டுட்டு நீங்களே வெட்டுங்க. சொன்ன அளவுக்கு."

எழுந்தார். துணியைப் பரத்தினார். கோடு போட்டதும் அளந்து காட்டச் சொன்னேன், காட்டினார். சொன்ன அளவு இருந்தது. பிறகு கத்தரி ஒரு வளைவில்கூடத் தயங்கவில்லை. தைக்கும்போது நானும் இழுக்கவில்லை.

தம்பியிடம் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நான் சொன்னேன். அவன் அவரைப் பார்த்தான். "இதுக்குத்தான் பஞ்சு மாதிரி இருந்துச்சா? நான் தோலு சரியாயிருச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டேனே மாமா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், சரியாக வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் மேடத்தின் அறைக்கு மூவரும் போனோம். கையுறையைக் கிள்ளிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, "இதுதான்" என்றார் மேடம். யார் போட்டுவிடுவது என்று கேட்டார், தினமும் வீட்டில் போட வேண்டுமே, ஒருவர் பழகிக்கொள்ள வேண்டும். நான் கையை நீட்டுமுன் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

சுண்டுவிரலில் தொடங்கினார். தம்பியின் உதடு உள்ளே போனது, கண் மேலே ஃபேனுக்குப் போனது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார்.

"மாப்ளே, இங்க பாரு. எதுத்த வீட்டு வாத்தியார் இருக்காருல்ல, பேண்ட் தைக்கக் கொடுத்தாரு. வயித்த உள்ள இழுத்துக்கிட்டு அளவு கொடுத்துட்டாரு. இப்ப பட்டன் போட முடியல. நான்தான் தப்பா வெட்டிட்டேன்னு தெருவுல நின்னு சண்டை. நான் என்ன பண்ணேன் தெரியுமா?" அடுத்த விரல் ஏறியது. "கேளுடா. என்ன பண்ணேன்?"

தம்பி பல்லைக் கடித்தான்.

"கேளுன்னா!"

"என்ன பண்ணீங்க?"

"வயித்த எக்கச் சொல்லிப் பட்டனப் போட்டுட்டு, இப்ப மூச்ச விடுங்க சார்னேன். விட்டாரு. பட்டன் தெறிச்சு என் மூக்குல பட்டுச்சு." கட்டைவிரலுக்கு வந்திருந்தார். அதுதான் மோசமான இடம். "வலிக்குதா? கத்துடா. ஏன் பூட்டி வச்சிருக்க? நல்லாக் கத்து."

தம்பி கத்தினான். அம்மா என்று கத்தினான், மாமாவைக் கொலைகாரன் என்று கத்தினான், அந்த ரேடியேட்டர் வைத்த காரின் பரம்பரையையே இழுத்துக் கத்தினான். வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் கதவைச் சாத்தினார். கையுறை மணிக்கட்டுவரை ஏறியபோது இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. விரல் நுனியை ஒவ்வொன்றாக அமுக்கி விட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று அவரே பார்த்தார். வந்தது. நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வேலை அவருடையதாகவே ஆகிவிட்டது. காலையில் தம்பி குளித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்துவிடுவான். அவர் எண்ணெய் தடவி நீவிவிட்டு, கையுறையைப் போட்டுவிடுவார். போடும்போது கதை சொல்வார். கதைகளில் பாதி பொய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், வாத்தியார் அவரிடம் பேண்ட் தைத்ததே இல்லை. துணி தளர்ந்ததும் புதிது வெட்டுவார், நான் தைப்பேன். தழும்பு மெல்ல மெல்லப் படிந்தது. சிவப்பு குறைந்தது. கட்டைவிரல் அடம்பிடித்தது, பயிற்சியில் தம்பி அழுத நாட்களும் உண்டு. ஆனால் சர்ஜனிடம் அனுப்பும் பேச்சை மேடம் பிறகு எடுக்கவில்லை. ஒருநாள் விரலை விரிக்கச் சொல்லி அளந்துவிட்டு, "போய்க் கத்தரியப் பிடிச்சுப் பாருங்க. மெதுவா" என்றார்.

அன்று சாயங்காலமே தம்பி துண்டைப் பிரித்துக் கத்தரியை எடுத்தான். கையுறையோடு பிடித்துத் திறந்து மூடிப் பார்த்தான். திறந்தது. முழுதாக மூடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. யார் தலையில் முதலில் வைப்பது என்று அவனுக்குத் தயக்கம். வேலைக்கு இருக்கும் ஆள் நைசாகப் பின்வாங்கினான். என் வீட்டுக்காரர் சட்டையின் மேல்பட்டனைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

தம்பி துணியைப் போர்த்தினான். வெட்ட ஆரம்பித்தான். அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, மொத்தக் கவனமும் கட்டைவிரலில் இருந்தது. கழுத்துப் பக்கம் ஒருவழியாக முடிந்தது. காதோரம் வந்தபோது விரல் சொன்ன நேரத்தில் மூடவில்லை. கத்தரி நழுவி அவர் காது மடலைக் கவ்வியது. ரத்தம் எட்டிப் பார்த்தது.

அவர் அசையவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

தம்பி கத்தரியைக் கீழே வைத்துவிட்டான். "வேணாம் மாமா. எனக்கு வராது. விட்டுருங்க." பஞ்சை எடுத்துக் காதில் அழுத்தினான். "வலிக்குதா? வலிக்குதான்னு கேக்கிறேன்ல? சொல்லுங்க மாமா."

நான் கல்லுளிமங்கனைக் கண்ணாடியில் பார்த்தேன். வழக்கம்போல் ஒன்றுமில்லை என்பார், அல்லது அதையும் சொல்லாமல் தலையை ஆட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"வலிக்குதுடா" என்றார். "நிறுத்தாத, வெட்டு."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கத்தரியை எடுத்து அடுத்த காதுப் பக்கம் போனான்.